துணைநிரலைப் பேணுவது யார் பொறுப்பு?

அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்து லாரன்ஸ் நகரத் தினசரி ஒன்றின் காரியாலயத்தில், செய்திகளைக் காலத்தே இணையத்தில் ஏற்றவேண்டிய அவசியத்தால் அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் அமைக்கத் தொடங்கி, 2005இல் உலகத்தாருக்குப் பொதுவாக வெளியிடப்பட்ட ஜாங்கோ என்னும் இணையதளக் கட்டமைப்புக்கான ஃபிரேம்வொர்க் இவ்வளவு தூரம் வளர்ந்ததற்கு, அதன் மூலநிரலின் சிறப்பு எத்துணைக் காரணமோ அத்துணைக் காரணம், தம் தேவைக்கென எழுதியதைப் பிறரும் பொருத்திக்கொள்ளுமாறு தனி உறுப்பாகப் பிரித்தளித்த துணைநிரலாளரின் உழைப்பு.

ஆண்ட்ரூ காட்வின் 2008இல் வெளியிட்ட ‘சவுத்’ என்ற துணைநிரலை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். தரவுத்தளத்தில் புதிய அட்டவணையை உண்டாக்க ஜாங்கோவுக்கு அந்நாளில் தெரியும். இருக்கும் அட்டவணையைத் திருத்தத் தெரியாது. ஆதலால் ஒவ்வொரு மாற்றத்தையும் நிரலர் தம் கையாலேயே செய்து அவதியுற்றிருந்த காலத்தில், மாற்றங்களை வரிசைக்கிரமமாகக் கோப்புகளில் பதிந்து, வேண்டியபோது முன்னே செலுத்தவும் பின்னே மீட்கவும் வழிசெய்தது சவுத். அவ்வசதியை ஜாங்கோவுக்குள்ளேயே புதிதாக எழுதிச் சேர்க்க காட்வின் 2013இல் பொதுமக்களிடம் நிதி கோரியபோது, கேட்டதற்குப் பன்மடங்கு அதிகமாகவே சேர்ந்தது. 2014இல் வந்த 1.7ஆம் பதிப்பில் அது ஜாங்கோவின் அங்கமாயிற்று.

இந்தப் பாக்கியம் எல்லாத் துணைநிரலுக்கும் வாய்ப்பதில்லை. மற்றவற்றை எழுதியவரே பேணவேண்டியிருக்கிறது, அதுவோ எளிதன்று. தன் தளத்துக்கு மட்டும் எழுதுகிறவன் எத்தனையோ அனுமானங்களை மறைவாக வைத்துக்கொள்ளலாம். பிறர்க்கு எழுதுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. பயனாளர் விவரத்துக்கு அவரவர் விருப்பப்படி மாதிரி (மாடல்) அமைத்துக்கொள்ளலாம் என்று ஜாங்கோவின் 1.5ஆம் பதிப்பு அனுமதித்தபோது, பழைய மாதிரியின் பெயரை நேராக எழுதிவைத்திருந்த துணைநிரல்களையெல்லாம் திருத்தவேண்டி வந்தது. பதிப்புதோறும் இப்படி ஏதேனும் வந்துகொண்டே இருக்கும். அதைச் சரிசெய்கிறவர் பெரும்பாலும் ஊதியமின்றி, இரவில், தம் ஓய்வைத் தியாகம் செய்தே சரிசெய்கிறார்.

இத்தகைய உழைப்பை எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று: 2016இல் ஜாவாஸ்கிரிப்ட் உலகில், 11 வரிகளே கொண்ட ‘லெஃப்ட்-பேட்’ என்னும் உறுப்பை அதன் ஆசிரியர் ஒரு பிணக்கின் காரணமாக விலக்கிக்கொள்ளவே, அதை நம்பியிருந்த எண்ணற்ற மென்பொருள்களின் கட்டமைப்புப் பணி தடைப்பட்டது. அச்சம்பவத்துக்காக அவரைக் குறைகூறியவர் பலர். அவருடைய உழைப்பின் பயனை நாள்தோறும் விலையின்றி அனுபவித்த ஸ்தாபனங்களின் கடமையைப் பேசியவர் சிலரே என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

ஜாங்கோவின் மூலநிரலைப் பேண, அதன் அறநிலையம் 2014 முதல் ஊதியம் கொடுத்து ஆளமர்த்தியிருக்கிறது. துணைநிரல்களைக் கொண்டு லாபம் ஈட்டும் நிறுவனங்களும், தம் பொறியாளரின் வேலை நேரத்தில் ஒரு பகுதியை அவற்றின் பராமரிப்புக்கென ஒதுக்குதல் வேண்டும். அதற்கு இயலாதவை பொருளுதவியேனும் செய்தல் வேண்டும்.