'நார்மல்'னா எந்த நார்மல்? (த்ரெட்)

"ரிப்போர்ட் நார்மல்தானே டாக்டர்?" ஓபியில் தினமும் கேட்கிற கேள்வி. "நார்மல்தான், போங்க" என்று நாமும் அனுப்பிவிடுகிறோம். மருத்துவர்கள் இந்த ஒரு சொல்லை நோயாளியிடம் சொல்வதையே நிறுத்த வேண்டும் என்கிறேன். கோபம் வர்ற சக டாக்டர்கள் முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

லேப் தாளின் ஓரத்தில் 'நார்மல் ரேஞ்ச்' இருக்கே, பெரும்பாலான டெஸ்ட்களில் அது ஆரோக்கியத்தின் எல்லைக்கோடு இல்லை. நலமாக இருக்கும் பலருக்கு ரத்தம் எடுத்து, மேலே 2.5%, கீழே 2.5% பேரை வெட்டிவிட்டால் நடுவில் மிஞ்சுவது. அவ்ளோதான். ஒரு நோயும் இல்லாத 100 பேரில் 5 பேர் அதற்கு வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட் எடுத்தால், ஒன்றிலாவது தடித்த எழுத்து விழ 64% வாய்ப்பு. அந்தத் தடித்த எழுத்தைக் காட்டியே அடுத்த பேக்கேஜை விற்கிறார்கள்.

தலைகீழாவும் நடக்கும். கிரியாட்டினின் 1.1 என்பது பல லேப்களில் நார்மல். 25 வயதுப் பையனுக்குச் சரி. 75 வயது அம்மாவுக்கு அதே 1.1 என்றால், கணக்குப்படி சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 50 சொச்சம்தான். தாளில் ஸ்டார் விழாது. வலி மாத்திரை மட்டும் தாராளமாக எழுதப்படும்.

சுகரில் இது வேற அர்த்தம். அங்கே நார்மல் என்பது நிபுணர் குழு கூடி வைத்த கோடு. வெறும் வயிற்றில் 110க்குக் கீழே நார்மல் என்றிருந்ததை 2003ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110லேயே நிற்கிறது. 105 உள்ளவர் நார்மலா இல்லையா? எந்தப் புத்தகத்தைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது!

பிரசவ வார்டில் இந்தச் சொல் வசவு. சிசேரியன் ஆன பெண்ணிடம் "ஏம்மா, நார்மல் ஆகலையா?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். அவள் என்ன குற்றம் செய்தாள்?

(நார்மல் சலைன்கூட நார்மல் இல்லீங்க. வேதியியல் கணக்குப்படி 'ஒரு நார்மல்' என்றால் லிட்டருக்கு 58.5 கிராம் உப்பு. நாம் ஏற்றுவது 9 கிராம்.)

உயிரை எடுக்கிற இடம் நெஞ்சுவலி. முதல் இசிஜி 'நார்மல்' என்றால், அந்தச் சில வினாடிகளில் அந்தத் தாளில் எதுவும் தெரியவில்லை என்று மட்டுமே அர்த்தம். மாரடைப்பு இருந்தும் முதல் இசிஜி சுத்தமாக இருக்கலாம். அதனால்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறோம், ட்ரோபோனின் பார்க்கிறோம். ஆனால் நோயாளி காதில் விழுவது "ஹார்ட் நல்லா இருக்கு, கேஸ்தான்." சோடா வாங்கிக் குடிச்சிட்டு வீட்டுல போய்ப் படுத்துடுறார்.

"இப்போதைக்கு மாற்றம் தெரியலை. இங்கேயே இருங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப எடுக்கணும், ரத்தமும் பார்க்கணும்." இதைச் சொல்ல பத்து வினாடி போதும். ஓபியில கூட்டம்னு சொல்லாதீங்க, நானும் அதே கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்கேன்.