டாக்டர்களின் ஆராய்ச்சிக்குப் பணம் இருக்கு... நேரம் இருக்கா?

1,500 கோடி ரூபாய். மருத்துவ, உயிரியல் ஆராய்ச்சிக்கான ஃபெல்லோஷிப் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தொகை இது. இதில் 1,000 கோடி மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பங்கு. மீதி 500 கோடி பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை தருவது. 'இந்தியா அலையன்ஸ்' என்ற பெயரில் 2008 முதல் நடக்கும் இந்தத் திட்டத்தில் மருத்துவர்களுக்கென்று தனிப் பிரிவே உண்டு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், அரசு மருத்துவமனை ஓ.பி.யில் இருபது வருஷமாக உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கும் ஒரு சீனியர் டாக்டர், இந்த மாதிரிப் பணத்தை எட்டிப் பிடிக்க முடியுமா?

அவருக்கு எதற்கு ஆராய்ச்சி?

நோயாளியைப் பார்ப்பதுதானே அவர் வேலை என்று தோன்றலாம். காசநோய்க் கதை ஒன்றைப் பாருங்கள். சத்தீஸ்கரின் கனியாரி என்ற ஊரில் 'ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்' அமைப்பு நடத்தும் மருத்துவமனையில் டாக்டர் அனுராக் பார்கவாவும் சக மருத்துவர்களும் ஏழைக் காசநோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்துவந்தார்கள். வந்தவர்களின் எடையைக் குறித்து வைத்தார்கள். ஆண்களின் சராசரி எடை சுமார் 42 கிலோ, பெண்களுக்குச் சுமார் 34 கிலோ! மாத்திரை கொடுக்கிறோம், சாப்பாடு? இந்தக் கேள்வி எந்த லேபிலும் பிறக்கவில்லை, எடை மெஷின் பக்கத்தில் பிறந்தது.

பல ஆண்டுகள் கழித்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) நிதியுதவியோடு ஜார்க்கண்டில் அது பெரிய ஆய்வாக நடந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. 2023-ல் முடிவு வெளியானது: இந்த ரேஷன் கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39% குறைந்திருந்தது. ஒரு டாக்டரின் சந்தேகத்துக்கு நிதி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

நம்ம சென்னைக்கும் இதில் பழைய பெருமை உண்டு. காசநோயாளியை சானடோரியத்தில் வைத்துத்தான் குணமாக்க வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா என்று 1956-ல் இங்கே தொடங்கிய ஆய்வுதான், வீடே போதும் என்று உலகத்துக்குக் காட்டியது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து நடத்தியது அது.

அப்புறம் என்ன ஆச்சு?

இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்களை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. 2005 முதல் 2014 வரையிலான பத்து ஆண்டுகளில் 332 நிறுவனங்களிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரைகூட வரவில்லை. பாதிக்கும் மேல்!

காரணம் பணம் மட்டும்தானா? இல்லை. ஐ.சி.எம்.ஆரின் சிறிய மானியத்திலேயே 2 கோடி ரூபாய் வரை கேட்கலாம். அந்தப் பணத்தில் ஆய்வு உதவியாளரை நியமிக்கலாம், கருவி வாங்கலாம், களப்பணிக்குப் போய்வரலாம். வாங்க முடியாத ஒன்று, டாக்டரின் நேரம். ஆய்வை வழிநடத்துபவருக்கு அவர் வேலை பார்க்கும் நிறுவனமே சம்பளம் தருகிறது என்பதுதான் இந்த மானியங்களின் கணக்கு. அந்தச் சம்பளம் ஓ.பி., வார்டு, ஆபரேஷன், வகுப்பு, தேர்வுப் பணி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஆராய்ச்சி இரவு பத்து மணிக்கு மேல்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே அரசு மருத்துவர்கள் பணி நேரம் முடிந்ததும் சொந்தக் கிளினிக் நடத்தலாம். ஐம்பது வயது டாக்டர் ஒருவர் மாலைக் கிளினிக்கை மூடிவிட்டு ஆய்வில் உட்கார்ந்தால் வீட்டு வருமானத்தில் துண்டு விழும். இதை யாரும் விண்ணப்பத்தில் எழுத மாட்டார்கள், ஆனால் பலர் விண்ணப்பமே போடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறோம்.

பிரிட்டனில் இதை வேறு மாதிரி அணுகுகிறார்கள். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் கன்சல்டன்ட் டாக்டரின் வாரம் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒப்பந்தத்திலேயே எழுதப்படுகிறது. பொதுவாக அதில் இரண்டரைப் பகுதி கற்பித்தல், தணிக்கை, ஆராய்ச்சி போன்ற வேலைகளுக்கு. அதற்கு மேல் நேரம் வேண்டுமென்றால், அங்குள்ள தேசிய ஆராய்ச்சி அமைப்பின் ஃபெல்லோஷிப் டாக்டரின் சம்பளத்தையே ஏற்றுக்கொள்ளும். அங்கேயும் டாக்டர்கள் நேரமில்லை என்று புலம்பத்தான் செய்கிறார்கள். ஆனாலும், நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையாவது அந்த ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது.

இங்கேயும் அதைச் செய்ய முடியும். மானியத்தில் ஒரு பகுதி மருத்துவமனைக்குப் போகட்டும். வாரத்தில் இரண்டு நாள் அந்த டாக்டரின் ஓ.பி.யைப் பார்க்க இன்னொருவரை அந்தப் பணத்தில் நியமிக்கட்டும். புதிய திட்டம்கூட வேண்டியதில்லை, மானிய விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஓ.பி. வரிசையில் நிற்கும் நோயாளிக்கும் இதனால் நஷ்டமில்லை.

தனியார் டாக்டர்கள்?

இவர்கள் நிலைமை இன்னும் கஷ்டம். ஐ.சி.எம்.ஆர். மானியத்துக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் நிரந்தரப் பணி வேண்டும். தனியார் நிறுவனம் என்றால் மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையின் சான்றிதழும் கேட்பார்கள். தெருமுனையில் முப்பது வருஷமாகக் கிளினிக் நடத்தும் டாக்டரிடம் ஆயிரக்கணக்கான சர்க்கரை நோயாளிகளின் விவரம் இருக்கலாம், ஆனால் அவர் தனியாக உள்ளே வர வழியில்லை. பக்கத்து மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரோடு சேர்ந்து இணை ஆய்வாளராக வரலாம். அப்படி ஜோடி சேர்த்துவிடும் வேலையை மருத்துவர் சங்கங்கள் எடுத்துச் செய்தால் நல்லது.

இதைப் படிக்கும் நீங்களே டாக்டர் என்றால், அல்லது உங்கள் அப்பா, அம்மா டாக்டர் என்றால், ஒரு விஷயம். ஆய்வை எப்படி வடிவமைப்பது என்று சொல்லித்தரும் அடிப்படைப் படிப்பை ஐ.சி.எம்.ஆரின் சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஆன்லைனில் நடத்துகிறது. பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை, மொபைலே போதும். மானிய அறிவிப்பு வந்த பிறகு எத்திக்ஸ் கமிட்டிக்கு ஓடினால் கடைசித் தேதி தாண்டிவிடும். கேள்வி மனதில் இருக்கும்போதே பேப்பரில் எழுதிவைத்து, கமிட்டி எப்போது கூடும் என்று இப்பவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.