பிழையை விழுங்காதீர்கள்



அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் பலரும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்கள்: "சார், எக்செப்ஷன் விஷயத்தில் ஜாவா சுத்தப் பழைய பஞ்சாங்கம்." நான் அதை ஏற்கவில்லை.

கணினி தெரியாத உறவினர்களுக்கு ஒரு வரி. புரோகிராம் ஓடும்போது ஃபைல் இல்லை, நெட்வொர்க் இல்லை என்று தடை வந்தால் அது எக்செப்ஷன். அதைக் கவனிக்க வேண்டியது யார் என்பதில்தான் மொழிக்கு மொழி சண்டை.

சி மொழியில் ஃபங்ஷன் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அது பிழையா என்று நீங்கள் பார்க்காவிட்டால் கேட்க நாதியில்லை. 1996இல் வந்த ஜாவா கண்டிப்பு காட்டியது: இன்ன பிழை வரலாம் என்று ஃபங்ஷனின் தலைப்பிலேயே எழுது, அழைப்பவன் அதைக் கையாளட்டும், அல்லது தானும் அறிவிக்கட்டும். இல்லையென்றால் கம்பைலர் விடாது.

சி ஷார்ப்பை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் 2003இல் இதை எதிர்த்தார். பட்டியல் நீளும், புதிய பிழையைச் சேர்த்தால் பழைய புரோகிராம் உடையும், எரிச்சலில் காலி கேட்ச் எழுதிவிட்டுப் போவார்கள் என்றார். சி ஷார்ப், பைத்தான், கோட்லின் எதிலும் அந்தக் கண்டிப்பு கிடையாது.

அவர் சொன்ன நோய் உண்மை. மருந்துதான் தவறு.

ஜூஜூவாடி வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றது நினைவிருக்கிறதா? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் சாவடி போனது. ஆனால் 2018 ஏப்ரல் முதல், மாநிலம் தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கோடு இ-வே பில் போகிறது. காத்திருப்பை ஒழித்தார்கள், அறிவிப்பை ஒழிக்கவில்லை. சி ஷார்ப்பும் கோட்லினும் சாவடியோடு சீட்டையும் கிழித்துப்போட்டன.

2015இல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட் சரியாகச் செய்தது. விடையா பிழையா என்பது திருப்பித் தரும் மதிப்பிலேயே இருக்கிறது. பிழையை மேலே அனுப்ப ஒரு கேள்விக்குறி போதும். 'அன்ராப்' எழுதித் தப்பிக்கலாம்தான், ஆனால் அந்தச் சொல் ரிவ்யூவில் கண்ணில் குத்தும். கோ மொழியும் பிழையை மதிப்பாகத்தான் தருகிறது. ஆனால் ஓர் அடிக்கோடு போட்டால் தூக்கி எறிந்துவிடலாம். பாதிக் கிணறு தாண்டிய கதை.

"இதெல்லாம் ருசி விஷயம்" என்பவர்களுக்கு: 1996 ஜூன் 4, ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்தில் சுமார் 40 வினாடியில் சிதறியது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணித்தபோது எழுந்த எக்செப்ஷனைப் பிடிக்க ஆளில்லை. அடா மொழியில் எழுதிய புரோகிராம் அது. ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு வைத்து மூன்றைத் தெரிந்தே விட்டிருந்தார்கள். விட்டதற்கான காரணம் புரோகிராமில் எழுதப்படவில்லை என்றது விசாரணைக் குழு. சீட்டில்லாத சரக்கு!

உங்களில் பலரின் அப்பாக்கள் சிப்காட்டில் உழைத்தவர்கள். ரிஜெக்ட் ஆன பீஸை நல்ல பீஸோடு கலப்பார்களா என்று அவர்களைக் கேளுங்கள். காலி கேட்ச் என்பது அதுதான். நாளை நீங்கள் எழுதுவது வங்கிக் கணக்காகவோ ஆஸ்பத்திரி மானிட்டராகவோ இருக்கும். அங்கே விழுங்கிய பிழை யாரோ ஒருவர் தலையில் விடியும்.

ரிவ்யூவில் காலி கேட்ச் வந்தால் பாஸ் போடாதீர்கள், எழுதியவர் மேனேஜராகவே இருந்தாலும். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். காரணத்தோடு எழுதினால்தான் மார்க்.