விடுமுறைக் கப்பலும் வளர்ந்த பிள்ளைகளும்

நம் சங்க உறுப்பினர்களில் சிலர் இப்போது குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போய் வருகிறார்கள். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் இந்தச் சேவையை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை வரையும் கப்பல் போயிற்று. வருஷம் முழுக்கக் கடையே கதி என்று கிடப்பவர்கள் நாலு நாள் கடற்காற்று வாங்குவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கவனித்தோம். கைக்குழந்தை போகிறது, பள்ளிக்கூடப் பிள்ளை போகிறது. பதினேழு வயதுப் பையன் மட்டும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், "அவனுக்கு அதெல்லாம் பிடிக்காதுங்க, கடையைப் பார்த்துக்கிறேன்னுட்டான்" என்கிறார் தகப்பனார். பிடிக்காது என்று சொன்னது பையனா, இவரா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தத் தவறை நாமும் செய்தவர்கள்தான். 1997-இல் காசி யாத்திரை போனபோது பதினேழு வயது மகனைப் பன்னிரண்டு நாள் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து, கணக்கில் ஒரு பைசா குறையவில்லை என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை பேசினோம். 2023-இல் கப்பலுக்குப் பணம் கட்டும்போது, பிளஸ் டூ முடித்த பேரனைக் கடைக்கு விட்டுவிடலாமே என்று நாம் வாயெடுத்தோம். "எனக்குத்தான் கங்கையைக் காட்டலை. அவனையாவது கூட்டிக்கிட்டுப் போவோம்ப்பா" என்றான் மகன். இருபத்தாறு வருஷம் மனதில் வைத்திருந்திருக்கிறான்! கடையைப் பூட்டிவிட்டுத்தான் போனோம்.

சூதாட்டமும் மதுவும் உள்ள இடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போவதா என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம்மூர் தெருமுனையில் இல்லாததா அங்கே புதிதாக வந்துவிட்டது? கப்பலில் வயது கேட்டு நிறுத்தவாவது ஆள் நிற்கிறான். வயது வரம்பு கப்பலுக்குக் கப்பல் மாறும், முன்பணம் கட்டும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய கப்பல்கள் பலவற்றில் 12 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தனிக்கூடம் உண்டு. பதினெட்டு ஆகிவிட்டால் அங்கே சேர்க்க மாட்டார்கள். அதையும் கேளுங்கள். பாஸ்போர்ட்டையும் பாருங்கள்: சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருஷம் அல்லது பதினெட்டு வயது, எது முந்தியோ அதுவரைதான். பதினைந்து வயது ஆனவனுக்குப் பத்து வருஷத்துக்கே எடுத்துவிடலாம்.

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவி அட்டையிலேயே பற்று எழுதிக்கொண்டு கடைசியில் கணக்கு நீட்டுகிறார்கள். நம் பற்று நோட்டு முறைதான், வேறொன்றுமில்லை. பற்று நோட்டில் வரம்பு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது வணிகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பேரனுக்கு மூவாயிரம் ரூபாய் என்று வரம்பு சொன்னோம். நடுக்கடலில் கப்பலின் டவர் வழியே செல்போன் பேசினால் கட்டணம் கண்ணைக் கட்டும். ஃபிளைட் மோடில் போட்டுவிடுவது உத்தமம். அதற்கு அவன் முகம் சுளித்தது வேறு விஷயம்.

2012 ஜனவரியில் இத்தாலிக் கரையருகே கோஸ்டா கன்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அதன்பின், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே பயணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி தர வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். எங்கே கூட வேண்டும், எந்தப் படியில் இறங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஐந்து பேரையும் அழைத்துப் போகும் பொறுப்பைப் பேரனிடம் விட்டோம். பாட்டிக்கு லைஃப் ஜாக்கெட்டின் வாரைக் கட்டிவிட்டதும் அவன்தான். மற்றபடி அவனுக்கு ஒரே கட்டுப்பாடு: ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் ஒரே மேசையில். பகலெல்லாம் அவன் இஷ்டம்.

நமக்குக் காலை நாலு மணிக்கு விழிப்புத் தட்டும், குடோன் பழக்கம். இரண்டாம் நாள் எழுந்து பார்த்தால் அவனும் விழித்துக் கிடந்தான். இருவரும் மேல்தளத்துக்குப் போய் டீ குடித்தோம். "தாத்தா, எனக்குக் கடை வேண்டாம். கப்பல் இன்ஜினீயரிங் படிக்கணும். அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றான். நாம் மறுத்துவிட்டோம். நீயே சொல் என்றோம்.

அன்று ராத்திரி சொன்னான். மகன் கையில் எடுத்த சப்பாத்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். நம் வீடாக இருந்தால், லாரி வந்திருக்கும் என்று சொல்லி எழுந்து போயிருப்பான். நாமும் அவனிடம் இருபது வருஷம் அப்படித்தான் எழுந்து போனோம். நடுக்கடலில் எந்த லாரி வரும்? அங்கேயே உட்கார்ந்து, மேசையைத் துடைக்கப் பணியாள் வந்து நிற்கும்வரை தகப்பனும் பிள்ளையும் பேசினார்கள். சத்தமும் கொஞ்சம் கூடத்தான் செய்தது. முடிவு ஏதும் வரவில்லை. மறுநாள் திருகோணமலையில் கோணேசர் கோவில் மலைக்கு ஏறும்போது இருவரும் முன்னால் சேர்ந்து நடந்தார்கள், நாம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனோம்.

பேரன் அவன் கேட்ட படிப்பில்தான் சேர்ந்திருக்கிறான். கல்லாவில் அடுத்து யார் என்பது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. மூவாயிரத்தில் நானூற்றுப் பத்து மிச்சம் வைத்திருந்தான். கடை பூட்டிக் கிடந்த நாட்களில் இரண்டு சில்லறைக் கடைக்காரர்கள் வேறு மண்டியில் சரக்கெடுத்தார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.