உதிர்ந்த சாந்து



கனடாவின் கேப் பிரெட்டன் தீவிலுள்ள லூயிஸ்பர்க் கோட்டையை வழிகாட்டியின் துணையோடு ஒரு பகல் முழுதும் சுற்றிப் பார்க்கலாம். 1713இல் பிரெஞ்சுக்காரர் குடியேறி எழுப்பிய அந்நகரத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 1960களிலிருந்து பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டுள்ளது. நமக்கும் அதனோடு ஒரு தொடர்பு உண்டு. 1745இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அக்கோட்டை, 1748ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரான்சுக்குத் திரும்பியது. அதற்கு ஈடாகச் சென்னப்பட்டணம் ஆங்கிலேயரிடம் திரும்பியது.

அங்கே செல்வோர் பீரங்கிகளையும் பழங்கால உடையணிந்த காவலரையும் கண்டு வியக்கின்றனர். நீங்கள் சென்றால், மதிலின் சாந்தைக் குறித்துக் கேளுங்கள். கடல் மணல் கலந்த அந்தச் சாந்து, ஈரத்திலும் உறைபனியிலும் நிலைக்காமல் உதிர்ந்தது. பழுதுபார்க்கும் வேலை ஓயவேயில்லை. 1758இல் கோட்டை மறுபடியும் வீழ்ந்தது; 1760இல் ஆங்கிலேயர் அரண்களைத் தகர்த்தனர்.

எசேக்கியேல் 13ஆம் அதிகாரம் இத்தகைய சுவரைப் பற்றியே பேசுகிறது. சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் உண்டென்று சொல்லுகிறவர்கள், நில்லாத சுவருக்குப் பூச்சு பூசுகிறவர்கள் என்கிறார் தீர்க்கதரிசி.

அந்த மதிலுக்குள் வேறொரு சுவரும் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மரி மார்கரீத் ரோஸ் என்னும் பெண், ஓர் அதிகாரியின் வீட்டில் பல்லாண்டுகள் அடிமையாக உழைத்து, 1755இல் விடுதலை பெற்றார். இரண்டே ஆண்டுகளில் மரித்தார். ஆலய வழிபாடு நடந்த நகரம் அது. சிலுவையை வணங்கியவர்களே மனிதரை விலைக்கு வாங்கினார்கள்.

அவர்களை நியாயந்தீர்ப்பது எளிது. ஆனால் நம்முடைய கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இன்றும் சாதிக்கொரு பகுதி இருக்கிறதே! ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றவர்களை மரணத்தில் பிரிக்கிறோம். "இது ஊர் வழக்கம், கிளறினால் சமாதானம் கெடும்" என்கிறோம். அதுவே நம் உப்பு மணல் சாந்து. ஆலயத்திற்குப் புதிய மதில் எழுப்பக் காணிக்கை சேர்க்கும் சபை, முதலில் கல்லறைத் தோட்டத்தின் சுவரை இடிக்கட்டும் என்பதே என் துணிபு.

பகையாகிய நடுச்சுவரைக் கிறிஸ்து தம் மாம்சத்தினாலே தகர்த்தார் என்று எபேசியர் 2ஆம் அதிகாரம் அறிவிக்கிறது. அவர் தகர்த்ததை மறுபடியும் கட்ட நமக்கு அதிகாரம் இல்லை. இவ்வாரம் உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்திற்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். அங்கே காண்பதை ஜெபத்திலும், பின்பு சபைக் கூட்டத்திலும் வையுங்கள்.

கர்த்தர் தாமே நம்மை ஒரே வீடாகக் கட்டுவாராக. ஆமென்.