புலிமுகச் சிலந்திக்கு வெளிநாட்டில் விலை

மேலை நாடுகளில் டரன்டுலா எனப்படும் பெருஞ்சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டியிலிட்டு வளர்ப்போர் தொகை சிறிதன்று. எமது பிரதேசங்களில் கண்ட மாத்திரத்தில் அடித்துக் கொல்லப்படும் புலிமுகச் சிலந்திக்கும் அச்சந்தையில் நல்ல விலையுண்டு என்பதை எம்மவரிற் பலர் அறியார்.

2009 ஒக்டோபரில் மாங்குளத்தில் கிராமவாசிகள் கொன்ற ஆண் சிலந்தியொன்று ஆய்வாளர்களின் கைக்குக் கிடைத்தது. அதைத் தொடர்ந்து நடைபெற்ற தேடுதலின்போது அங்குள்ள பழைய வைத்தியசாலைக் கட்டிடத்திலும் அவை காணப்பட்டன. கால்களை விரித்தால் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் அகலம் கொண்ட அச்சிலந்தி 2012 இல் புதிய இனமென விவரிக்கப்பட்டு, வடக்கில் ஆய்வாளர்களுக்குத் துணைநின்ற பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரும் சூட்டப்பட்டது. முதிர்ந்த மரங்களின் பொந்துகளில் வாழவேண்டிய பிராணி வைத்தியசாலைக்குள் புகுந்தமைக்குக் காடழிப்பே காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்தாகும்.

இருப்பிடத்தை இழந்துவரும் இவ்வுயிரினத்துக்கு ஏற்றுமதி வர்த்தகம் மற்றுமோர் அச்சுறுத்தலாகும். இலங்கைக்குரிய ஐந்து இனங்களை அமெரிக்கா 2018 இல் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களாகப் பிரகடனம் செய்தது. கொழும்பில் நடைபெறவிருந்து, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்ட 2019 ஆம் ஆண்டின் சைற்றிஸ் மாநாட்டில், இலங்கையும் அமெரிக்காவும் முன்வைத்த யோசனையின் பேரில் இப்பேரினம் முழுவதும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. இது முற்றான தடையன்று; அனுமதிப்பத்திரமின்றி நாடு விட்டு நாடு கொண்டுசெல்லலாகாது என்பதே அதன் பொருள்.

முதன்முதலாகச் சிலந்தி வளர்க்க முற்படுவோருக்குப் புலிமுகச் சிலந்தி எவ்வகையிலும் ஏற்றதன்று. அது மின்னலென ஓடும். கடித்தாலோ கடுமையான தசைப்பிடிப்பு நாட்கணக்கில் நீடிக்கக்கூடும். புதியவர்களுக்கு வழமையாகச் சிபாரிசு செய்யப்படுவது மந்தமாக நடமாடும் சிலியின் ரோஜாநிறச் சிலந்தியாகும். ஆனால் அதுவும் நெடுங்காலமாகக் காட்டிலிருந்து பெருந்தொகையில் பிடிக்கப்பட்டே மலிவாக விற்கப்பட்டு வந்துள்ளது.

சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. வளர்ப்பகத்தில் பிறந்த குஞ்சு முழு வளர்ச்சியடையப் பல ஆண்டுகள் செல்லும். வாங்குபவரோ முதல் நாளிலேயே உள்ளங்கை அளவு சிலந்தியைப் பெட்டியிற் காண விரும்புகிறார். அந்த அவசரத்தை நிறைவேற்றக் காட்டில் பிடித்த பெண் சிலந்தியே வியாபாரிக்கு இலகுவான சரக்காகி விடுகிறது. இனவிருத்திக்குரிய பெண்கள் குறையுமிடத்துச் சிலந்திக் கூட்டம் மீள்வது கடினம். பெண் சிலந்தி 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும் என்பதை எண்ணிப் பார்க்காமல் வாங்குவோரும் உளர்.

குஞ்சிலிருந்து வளர்க்கும் பொறுமையுடையோர், அது எங்கே பிறந்தது என்பதற்கான சான்றை விற்பனையாளரிடம் கேட்டுப் பெறவேண்டும். எமது தரப்பில் சுங்கத்துக்கும் தபால் திணைக்களத்துக்கும் கூடுதல் பொறுப்புண்டு. சிறு குப்பியொன்றுள் அடங்கும் குஞ்சை எந்த இனமென நிபுணராலும் எளிதிற் பிரித்தறிய முடியாது.