பெற்றோருக்குப் புரியாத விசா கணக்கு



ஜெர்மனியில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தோம். விமான டிக்கெட்டுக்கு முழுப் பணமும் கட்டினால்தான் விசா கிடைக்கும் என்றார் ஏஜெண்ட். அது தவறு, முன்பதிவு விவரமே போதும். மருமகன் தடுத்ததால் தப்பித்தோம்.

பலரையும் குழப்புவது 90 நாள் கணக்குதான். மூன்று மாதம் தங்கி, ஊருக்கு வந்து உடனே திரும்பினால் மறுபடி மூன்று மாதம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. அங்கிருக்கும் எந்த நாளிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணினாலும், தங்கியது 90 நாளைத் தாண்டக் கூடாது. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. பேரப்பிள்ளையோடு ஆறு மாதம் இருக்கலாம் என்று ஆசைப்பட்ட மனைவியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். விசா மறுக்கப்பட்டால் 90 யூரோ கட்டணம் திரும்பி வராது. பென்ஷனில் வாழ்பவர்களுக்கு அது பெரிய தொகை.

எங்களைப் போன்ற பெற்றோருக்காக, இந்த விதிகளைத் தங்கள் இதழ் எளிய தமிழில் கேள்வி பதிலாக வெளியிட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்